ஒரு பக்கத்துக்கு இருபத்திரண்டு தகரம்

பக்கீர் முகைதீனைச் சாய்ந்தமருதில் எல்லோருக்கும் தெரியும். கல்முனைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் நின்று சீனி நிறுத்துக் கொடுக்கிறவர். தோணாக்கரையானை ஒருவருக்கும் தெரியாது. இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்பது அவருடைய மனைவி சுபைறாவுக்குத் தெரியும். அவள் அதை வெளியில் சொல்லித் திரிவதில்லை.

தோணா என்பது கடலுக்குப் பக்கத்தில், ஊருக்குள் வந்து படுத்துக் கிடக்கும் தண்ணீர். மாரியில் நிரம்பும், கோடையில் நாறும். அதன் கரையில் பிறந்தவர் என்பதால், 1976இல் முதல் கதையைக் கொழும்புக்கு அனுப்பியபோது பக்கீர் முகைதீன் அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்.

"ஊரில வேற நல்ல இடம் கிடைக்கல்லயா மச்சான்?" என்று சுபைறா கேட்டாள். "தோணாவில எருமைதானே கிடக்கும்."

"அது இயற்கைப் பேர் புள்ள. எழுதுறவங்க அப்பிடித்தான் வைக்கிற."

"எருமையும் இயற்கைதான்."

அவர் எழுத வந்தது இலக்கியத்துக்கு ஊழியம் செய்வதற்காக அல்ல. அதைச் சொல்ல அவர் வெட்கப்பட்டதும் இல்லை. ஒரு ஞாயிற்றுப் பத்திரிகை கதைக்குப் பதினைந்து ரூபா கொடுக்கிறது என்று பஸ்ஸில் யாரோ கதைத்தது காதில் விழுந்தது. நான்கு நாள் நின்று சீனி நிறுத்தால் கிடைக்கிற காசு, ஒரு நாள் குந்தியிருந்து எழுதினால் கிடைக்கும் என்றால் எந்த மனிதனுக்கும் கை துறுதுறுக்கும். பிறகு அவருக்கு ஒரே தேட்டம்தான்: எந்தப் பத்திரிகை ஆகக் கூடத் தரும்?

இந்த ஆராய்ச்சிக்குக் கடையே அவருக்கு நூலகமாக இருந்தது. சாமான் மடிக்கிற கடதாசிச் சரை சுருட்டுவதற்காகப் பழைய பத்திரிகைகள் கொழும்பிலிருந்து நிறைக்கணக்கில் வரும். அவற்றைக் கிழித்து அடுக்குவது பக்கீர் முகைதீனின் வேலை. கிழிப்பதற்கு முன் அவர் வாசிப்பார். வாசித்து, விலாசத்தை ஒரு நீல மட்டைக் கொப்பியில் எழுதுவார். கொத்தமல்லிக்கு வந்தவர்கள் காத்து நிற்பார்கள்.

"பக்கீரு," என்று முதலாளி காசுப் பட்டறையிலிருந்து குரல் கொடுப்பார், "தாளக் கிழிக்கிறதுக்கு வாசிக்கத் தேவல்ல. நான் பாரு, ஒண்டும் வாசிக்காமத்தான் கடை நடத்துறன்."

அந்தக் கொப்பியில் நான்கு கட்டங்கள். பத்திரிகையின் பெயர், என்ன கேட்பார்கள், என்ன தருவார்கள், எத்தனை மாதத்தில் தருவார்கள். நான்காவது கட்டத்துக்கு அவர் அதிக இடம் விட்டிருந்தார். சில கோட்பாடுகளையும் கண்டுபிடித்திருந்தார். சவர்க்கார விளம்பரம் போடுகிற பத்திரிகை காசு தரும். இன்னொரு பத்திரிகைக்கு விளம்பரம் போடுகிற பத்திரிகை தராது. முதல் பக்கத்தில் 'தமிழன்னையின் தாள் பணிந்து' என்று தொடங்குகிற பத்திரிகை, எழுதியவனிடமே காசு கேட்கும்.

கடைசிக் கோட்பாடு அனுபவத்தில் வந்தது. பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒரு சிற்றிதழ் அவருடைய கதையை எடுத்துப் போட்டது. சன்மானமாக அதே இதழில் பத்துப் பிரதிகளை அனுப்பி, விற்று, காசை அனுப்பிவைக்கச் சொன்னது. எட்டுப் பிரதி விற்கவில்லை. அவற்றை அவர் கடைக்குக் கொண்டுபோனார். தோணாக்கரையானின் அச்சேறிய முதல் சிறுகதைக்குள் சாய்ந்தமருது மக்கள் ஒரு கிழமையாகச் சீரகம் கொண்டுபோனார்கள்.

ஞாயிற்றுப் பத்திரிகை அப்படியல்ல. உண்மையாகவே பதினைந்து ரூபா அனுப்பியது, ஐந்து மாதம் கழித்து. ஆனால் காசுக்கட்டளை 'திரு. தோணாக்கரையான்' என்ற பெயருக்கு வந்தது. தபாலதிபர் அதைக் கையில் வைத்துக்கொண்டு அடையாள அட்டையைப் பார்த்தார்.

"இதில பக்கீர் முகைதீன் எண்டுதானே கிடக்கு?"

"ஓம். நான்தான் தோணாக்கரையான்."

"அப்பிடி நீங்க சொல்றீங்க. நாளைக்கு வேற ஆள் வந்து நான்தான் எண்டா? தோணாவுக்கு ரெண்டு கரை இரிக்கே."

கடைசியில் ஒரு சமாதான நீதவானைப் பிடித்து, 'மேற்படி இருவரும் ஒருவரே' என்று கடிதம் எடுக்க வேண்டியிருந்தது. நீதவான் காசு வாங்காத மனிதர். அதற்குப் பதிலாகத் தன் மகளின் கலியாணத்துக்கு வாழ்த்துப்பா கேட்டார். பதினாறு அடி. அதை அச்சடித்துக் கண்ணாடிச் சட்டமும் போடச் சொன்னார். அச்சும் சட்டமுமாகப் பதினெட்டு ரூபா ஆனது. கொப்பியில் அந்தப் பத்திரிகைக்கு நேரே பக்கீர் முகைதீன் 'நட்டம் 3' என்று எழுதினார்.

வானொலி நன்றாகக் கொடுக்கும் என்றார்கள். கொடுத்தது. ஆனால் கொழும்புக்குப் போய் நேரில் நின்று வாசிக்க வேண்டும். போக ஒரு நாள், வர ஒரு நாள், நடுவில் ஒரு நாள். முதலாளி மூன்று நாள் சம்பளத்தையும் வெட்டினார். அந்தப் பேச்சைச் சுபைறா மட்டும் கேட்டாள். அதுவும் பாதிதான், நடுவில் பற்றரி போய்விட்டது.

இந்தியாவில் லட்சக்கணக்கில் விற்கிற பத்திரிகைகளுக்கும் எழுதிப்பார்த்தார். திருப்பி அனுப்புவதற்குப் போதிய முத்திரை ஒட்டிய உறை வைக்க வேண்டும் என்று அவை கேட்டிருந்தன. பக்கீர் முகைதீன் ஒரு குறையும் வைக்காமல், கணக்காக இலங்கை முத்திரை ஒட்டி, உறையை உள்ளே வைத்து அனுப்பினார். பதினொரு கதைகள் போயின. ஒன்றும் திரும்பவில்லை. திரும்பாததால் எல்லாம் தெரிவாகிவிட்டன என்று நினைத்து எட்டு மாதம் சந்தோசமாக இருந்தார். கடைசியில், இலங்கை முத்திரையை இந்தியாவில் ஒட்டினால் கடிதம் ஓரடியும் நகராது என்பதைச் சொல்லிக்கொடுத்தவர் அதே தபாலதிபர்தான்.

பிறகு பெண்கள் பக்கம் ஒன்றைக் கண்டுபிடித்தார். சமையல் குறிப்புக்குப் பத்து ரூபா, ஒரே மாதத்தில். பெண்கள்தான் எழுதலாம். சுபைறாவைக் கேட்காமல் சுபைறாவின் பெயரில் வட்டிலப்பம் எழுதி அனுப்பினார். பிறந்ததிலிருந்து தின்கிற சாமான், இதற்கு யாரைக் கேட்பது என்று நினைத்தார். முட்டை, கருப்பட்டி, ஏலக்காய் எல்லாம் சரியாக எழுதியிருந்தார். தேங்காய்ப்பாலை மட்டும் எழுதவில்லை. தின்கிறவனுக்குப் பால் கண்ணில் தெரியாது.

பத்திரிகை வந்த மறுநாள் தெருவே வாசலில் நின்றது.

"என்னகா சுபைறா, உங்கட வீட்டில பால் ஊத்தாமத்தான் வட்டிலப்பம் அவிக்கிறயா? பெருநாளைக்கு நாங்க திண்டது என்ன அப்ப?"

பத்து ரூபாக் காசுக்கட்டளை தன் பெயருக்கு வந்ததும் சுபைறா சால்வையைப் போட்டுக்கொண்டு போய், கையெழுத்து வைத்து மாற்றி, தனக்கு ஒரு சோடிச் செருப்பு வாங்கிக்கொண்டு வந்தாள். "இனி என்ட பேரத் தொட்டா, உங்கட பேர எல்லாருக்கும் சொல்லிப்போடுவன்" என்றாள். அவருக்கு அது மிரட்டலாக விளங்கவில்லை. கொஞ்சம் ஆசையாகக்கூட இருந்தது.

வீட்டைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்தக் கரையில் வீடு பெண்ணுக்குத்தான். வாப்பா மகளுக்கு ஒரு வீட்டைக் கட்டிச் சீதனமாக எழுதிக்கொடுப்பார். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து இறங்குவான். பக்கீர் முகைதீன் இறங்கிய பெட்டியில் நான்கு சாரமும் ஓர் அகராதியும் இருந்தன. ஆனால் கடைத்தெருவில் எந்த மாப்பிள்ளையும் 'என்ட வீடு' என்றுதான் சொல்வான். எல்லோருக்கும் உண்மை தெரியும், ஒருவரும் திருத்தமாட்டார்கள். ஆண்பிள்ளைக்கு அந்த ஒரு சொல்லையாவது விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பெண்களும் நினைத்திருப்பார்கள்.

1978 நவம்பர் கடைசியில் சூறாவளி அடித்தது. வாப்பா போட்டுக்கொடுத்த கூரைக்கு இருபத்திரண்டு தகரம். விடிந்து பார்த்தபோது கைமரம் நின்றது, தகரம் ஒன்றுமில்லை. மூன்று தகரம் தோணாவில் வெற்றிலைச் சுருளைப்போலக் கிடந்தது. மற்றப் பத்தொன்பதும் எந்த ஊருக்குப் போயின என்று இன்றுவரை தெரியாது. அகராதி நனைந்து இரண்டு மடங்கு தடித்திருந்தது.

தென்னைகள் எல்லாம் விழுந்து கிடந்ததால் ஓலைக்குப் பஞ்சமில்லை. சுபைறா மூன்று நாள் குந்தியிருந்து கிடுகு பின்னினாள். அவளுடைய தம்பி றஸாக், கடலுக்குப் போகிறவன், படகு உடைந்து வேலையில்லாமல் இருந்ததால் மேலே ஏறிக் கட்டினான். பக்கீர் முகைதீன் ஏணியைப் பிடித்தார். இடைக்கிடை ஆலோசனையும் சொன்னார்.

"மச்சான்," என்று றஸாக் மேலிருந்து சொன்னான், "நீங்க ஏணிய விட்டாலும் பறவாயில்ல, கதைக்காம இரிங்க."

அந்த மாரி முழுவதும் கிடுகு ஒழுகியது. சுபைறா சட்டி, கோப்பை, வாளி எல்லாவற்றையும் வீட்டுக்குள் பரத்தி வைத்தாள். அரசாங்கம் வீட்டுக்கு இருபத்திரண்டு தகரம் கொடுக்கப்போகிறது என்று கதை வந்தது. கிராம அதிகாரியான விதானையார் வந்து பெயர் எழுதிக்கொண்டு போனார். வழக்கம்போல ஆண்பிள்ளையின் பெயரைத்தான் எழுதினார்: பக்கீர் முகைதீன். எங்கள் கூரைக்கும் சரியாக இருபத்திரண்டு, அல்லாஹ் கணக்குப் பார்த்துத்தான் அனுப்புகிறான் என்று சுபைறா சொன்னாள். அதற்குப் பிறகு அவள் கதையெல்லாம் தகரம்தான். அடுத்த மாரிக்கு முன் தகரம் வர வேண்டும். இன்னொரு மாரியைக் கிடுகு தாங்காது.

தை மாதத்தில் அந்த விளம்பரம் வந்தது. கொழும்பு வாரப் பத்திரிகை ஒன்று. 'சூறாவளி: என் சொந்த அனுபவம்'. முதல் பரிசு முந்நூறு ரூபா. நீலக் கொப்பியில் அவ்வளவு பெரிய இலக்கம் அதற்குமுன் ஏறியதில்லை. அந்தப் பக்கத்தில் இரண்டு முழுப்பக்கச் சவர்க்கார விளம்பரங்கள் வேறு.

"உள்ளத எழுதுங்க மச்சான்," என்றாள் சுபைறா. "வாப்பா போட்ட தகரம் பறந்தத எழுதுங்க. நான் அழுதத எழுதுங்க. உம்மாட அலுமாரி உடைஞ்சத எழுதுங்க."

"எல்லாரும் அதத்தான் எழுதுவான் புள்ள. அறுவடைக்கு நெல்லு விலை என்ன செய்யும்?"

"விழும்."

"இப்ப அழுகைக்கு அறுவடை. சாக்குச் சாக்காய் கொழும்புக்குப் போகும். நான் அழுகை எழுதமாட்டன். நான் மானம் எழுதப்போறன்."

எழுதினார். 'கூரை போனது, குனியவில்லை' என்று தலைப்பு. தோணாக்கரையான் மட்டப்பலகை கொண்டு கைமரம் நிமிர்த்தினார். வெயிலில் நின்று, ஒற்றை ஆளாக, என் வீட்டுக்கு நானே கூரை போட்டேன் என்றார். நிவாரணப் பட்டியலோடு வந்தவரைப் பார்த்து, 'ஐயா, என் வீட்டுக்கு ஒரு தகரமும் வேண்டாம். என்னைவிட எளியவனுக்குக் கொடுங்கள்' என்று சொன்னதாகவும் முடித்தார். வாசித்துக் காட்டியபோது சுபைறா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"ஏணி எங்க?"

"என்ன ஏணி?"

"நீங்க பிடிச்சயே. அது ஒண்டுதான் உண்மை, அத விட்டுட்டீங்க."

காசுக்கட்டளையில் மறுபடி சிக்கல் வரக்கூடாது என்று, கட்டுரையின் அடியில் புனைபெயரோடு சொந்தப் பெயரையும், விலாசத்தையும், அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதினார். பத்திரிகைக்காரர்கள் இலக்கத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அச்சிட்டார்கள். முதல் பரிசு. முந்நூறு ரூபாவும் ஒரு பிழையுமில்லாமல் அவர் பெயருக்கே வந்தது. அதில் அவர் ஒரு மேசை வாங்கினார், எழுதுவதற்கு. ஒழுகாத ஓர் இடம் பார்த்து அதை வைக்க இரண்டு நாள் பிடித்தது.

ஆவணி மாதம் விதானையாரின் வாசலில் தகரப் பட்டியல் ஒட்டப்பட்டது. தெருவில் எல்லோருடைய பெயரும் இருந்தது. நாற்பத்தோராவது பெயர் பக்கீர் முகைதீன். அதன்மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில் 'தேவையில்லை' என்று அழகான கையெழுத்து.

"நான் வெட்டல்ல," என்றார் விதானையார். "அம்பாறையிலிருந்து அப்பிடித்தான் வந்த. ரெண்டு கிழமைக்குள்ள போய்ச் சொன்னாத்தான் உண்டு. பிறகு மிச்சத் தகரத்த வேற ஊருக்குக் குடுத்திருவாங்க."

சுபைறா வீட்டுக்கு வந்து, மேசைக்குப் பக்கத்தில் நின்று, கிடுகை அண்ணாந்து பார்த்தாள். ஓலைக்கிடையால் வானம் தெரிந்தது.

"பேப்பர்ல எழுதினத அவங்க வாசிச்சிரிக்காங்க," என்றாள்.

பக்கீர் முகைதீனுக்கு நெஞ்சு திக்கென்றது. ஆனால் அந்தத் திக்குக்குள் ஒரு சின்னச் சந்தோசமும் இருந்தது என்பதை மறைக்கக்கூடாது. அம்பாறையில் தனக்கு ஒரு வாசகன் இருக்கிறான்.

அடுத்த நாள் சுபைறா உடைந்த அலுமாரியிலிருந்து ஒரு பையை எடுத்துக்கொண்டாள். என்ன என்று கேட்டதற்குச் சொல்லவில்லை. இரண்டு பேரும் காரைதீவுச் சந்தியில் பஸ் ஏறினார்கள். சம்மாந்துறை தாண்டும்வரை அவர் என்ன கதைப்பது என்று ஒத்திகை பார்த்தார். அவள் யன்னலால் மற்றவர்களின் கூரைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

சூறாவளி நிவாரணத்துக்கென்று அம்பாறையில் அவசரத்துக்குத் திறந்த கந்தோர் அது. ஒரு பழைய களஞ்சியம், நான்கு மேசை. தமிழ் பேசும் ஊர்களின் கோப்புகளைப் பார்த்தவர் நல்லரெத்தினம் என்ற மட்டக்களப்புக்காரர். கண்ணாடி போட்ட, மெலிந்த மனிதர். பக்கீர் முகைதீன் பெயரைச் சொன்னதும் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"தோணாக்கரையானா?"

மூன்று வருடத்தில் சுபைறாவையும் தபாலதிபரையும் நீதவானையும் தவிர வேறொருவர் வாயிலிருந்து அந்தப் பெயரை அவர் கேட்டதில்லை.

"ஓம்," என்றார்.

"இரிங்க, இரிங்க. தங்கச்சி, நீங்களும் இரிங்க." நல்லரெத்தினம் கோப்பை எடுத்து விரித்தார். உள்ளே கட்டுரை, கத்தரித்து, பசை பூசி, சுருக்கமில்லாமல் ஒட்டப்பட்டிருந்தது. "'காற்று எங்கள் தகரத்தைக் கொண்டுபோனது, தலையை விட்டுவிட்டுப் போனது.' என்ன வசனம் ஐயா! இஞ்ச தினமும் நூறு பேர் வந்து அழுறாங்க. வீடு உடையாதவனும் அழுறான். அதுக்க இப்பிடியும் ஒரு மனுசன் எண்டு நான் மனிசிக்கும் வாசிச்சுக் காட்டினன். உங்களுக்குத் தகரம் தந்தா அது அவமானம் எண்டு நானேதான் கோடு போட்டன்."

பக்கீர் முகைதீன் வாயைத் திறந்தார். ஒத்திகை பார்த்த ஒன்றும் வரவில்லை.

"அது... கொள்கை," என்றார்.

சுபைறா இருமினாள்.

"கொள்கைதான்," என்று மறுபடி சொன்னார், இன்னும் மெதுவாக.

"ஐயா," என்றாள் சுபைறா. "இவருக்குத் தகரம் தேவையில்லதான். நீங்க வெட்டினது சரி."

பக்கீர் முகைதீன் திரும்பிப் பார்த்தார்.

"இவருக்கு வீடே இல்ல. வீடில்லாத ஆளுக்கு என்னத்துக்குத் தகரம்?" அவள் பையைத் திறந்து வீட்டு உறுதிப் பத்திரத்தை மேசையில் வைத்தாள். ஓரம் நனைந்து மஞ்சள் பாரித்திருந்தது, ஆனால் எழுத்து அழியவில்லை. "இது என்ட வாப்பா எனக்கு எழுதின வீடு. இதுக்குத்தான் கூரை இல்ல. இவர் எந்த வீட்டுக்குக் கூரை போட்டாரெண்டு எனக்குத் தெரியா. என்ட வீட்டுக்குப் போட்டது என்ட தம்பி."

நல்லரெத்தினம் உறுதியை வாசித்தார். கட்டுரையை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"'என் வீடு' எண்டுதானே எழுதியிரிக்கார்?"

"நீங்க கலியாணம் முடிச்ச எங்கயாம்?" என்று சுபைறா திருப்பிக் கேட்டாள்.

"கல்லடியில."

"அங்க யார்ட வீட்டில இரிக்கீங்க?"

பக்கத்து மேசைக்காரர் பேனையைக் கீழே வைத்துவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார். நல்லரெத்தினம் கொஞ்ச நேரம் உறுதியின் முத்திரையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அவர் மெலிந்த உடம்பு குலுங்கத் தொடங்கியது. சிரிக்கிறார் என்பது பக்கீர் முகைதீனுக்குப் பிந்தித்தான் விளங்கியது.

"மனிசிட வீட்டிலதான் தங்கச்சி. கந்தோரில நானும் என்ட வீடு எண்டுதான் சொல்ற."

"அப்ப உங்களுக்கு விளங்கும்."

"எனக்கு விளங்கும். ஆனா கணக்குப் பரிசோதிக்க வாறவர் கண்டிக்காரர். அவருக்கு இது விளங்காது. கோப்பில கட்டுரை கிடக்கு. அவர் கேப்பார், வேண்டாமெண்டு பேப்பர்ல எழுதினவனுக்கு ஏன் குடுத்தாய் எண்டு." நல்லரெத்தினம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, சுபைறாவிடமல்ல, பக்கீர் முகைதீனிடம் நீட்டினார். அப்போது அவர் சிரிக்கவில்லை. "நீங்க கைப்பட எழுதித் தரோணும். உங்களுக்கு வீடில்ல. கூரை போடல்ல. தகரம் வேண்டாமெண்டு ஒருவரிட்டயும் சொல்லல்ல. கீழ ரெண்டு பேரும் போடோணும். சொந்தப் பேர், மற்றப் பேர்."

தாள் மேசையில் கிடந்தது. பக்கீர் முகைதீன் அதைத் தொடவில்லை.

"சொந்த அனுபவம் எண்டுதான் போட்டி," என்றார். "இது அவங்களுக்குத் தெரிஞ்சா பரிசத் திருப்பிக் கேப்பாங்க."

"கேட்டா மேசையக் குடுங்க," என்றாள் சுபைறா.

அவருக்குப் பெரிய விசயம் மேசை அல்ல. எதிரே நல்லரெத்தினம் இருந்தார். மனைவிக்கு வாசித்துக் காட்டிய மனிதர். பசை பூசி, சுருக்கமில்லாமல் ஒட்டிய மனிதர். உலகத்தில் தோணாக்கரையானுக்கு இருந்த ஒரே வாசகன், தன் கையாலேயே தாளை நீட்டிக்கொண்டு, நீ எழுதியது பொய் என்று எழுதித் தா என்கிறான்.

சுபைறா கையிலிருந்த சால்வை நுனியை மடித்து, விரித்து, மறுபடி மடித்தாள். அவளுடைய விரல் நுனிகளில் கிடுகு பின்னிய வெட்டுக்காயங்களின் அடையாளம் வெள்ளையாகத் தெரிந்தது. ஒன்பது மாதத்துக்குப் பிறகும்.

அவர் பேனையை எடுத்தார்.

முதல் தடவை எழுதியது ஒன்றரைப் பக்கம் வந்தது. 'கலைஞனின் உள்ளமெனும் இல்லத்துக்கு ஓடேது, கூரையேது' என்று தொடங்கியது. நல்லரெத்தினம் மரியாதையோடு வாசித்துவிட்டு, "இதுக்கும் தகரம் வெட்டுப்படும்" என்றார். இரண்டாவதில் சூறாவளி மறுபடி அடித்தது. சுபைறா தாளை வாங்கி மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"நீட்டாதீங்க மச்சான். சீனி நிறுக்கிற மாதிரி எழுதுங்க. கேட்டது மட்டும்."

மூன்றாவது ஆறு வசனம்.

'எனக்குச் சொந்தமாக வீடு இல்லை. நான் இருப்பது என் மனைவி சுபைறாவின் வீட்டில். அதற்குக் கூரை போட்டவர் அவளுடைய தம்பி. நான் ஏணி பிடித்தேன். தகரம் வேண்டாமென்று நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. எங்களுக்குத் தகரம் வேண்டும்.'

நல்லரெத்தினம் அதை இரண்டு தரம் வாசித்தார். ஒரு எழுத்தும் மாற்றவில்லை. சிவப்புக் கோட்டுக்கு மேலே நீல மையால் 'சுபைறா, உறுதிப்படி' என்று எழுதினார். பிறகு, அவர்கள் எழும்பும்போது, கோப்பைத் திருப்பி அந்தக் கட்டுரையின் ஓரத்தைக் காட்டினார்.

"இதில ஒரு கையெழுத்துப் போட்டுத் தாங்க."

"இது பொய்யெண்டு இப்பதானே எழுதித் தந்த நான்?"

"அது கந்தோருக்கு. இது எனக்கு. பொய்யெண்டாலும் மனிசிக்கு நல்லாப் பிடிச்ச." கொஞ்சம் யோசித்து, "ஏணிய அதிலயும் போட்டிருக்கலாம்," என்றார்.

வெளியில் வந்ததும் சுபைறா சிரிப்பை அடக்கமுடியாமல் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கீர் முகைதீன் பஸ் தரிப்பிடத்தைப் பார்த்து நடந்தார். திரும்பிப் போக அவரிடம் காசில்லை என்பது அங்கேதான் தெரிந்தது.

மூன்று கிழமையில் தகரம் வந்தது. லொறியிலிருந்து இறக்கும்போது றஸாக் எண்ணினான்; இருபத்திரண்டு. இந்தத் தடவையும் அவன்தான் மேலே ஏறினான், மச்சான் ஏணியைப் பிடித்தார், ஒரு சொல்லும் கதைக்கவில்லை. ஐப்பசியில் முதல் மழை விழுந்தபோது தகரத்துச் சத்தத்தில் ஒருவர் கதைப்பது மற்றவருக்குக் கேட்கவில்லை. சுபைறா சட்டி, கோப்பை, வாளி எல்லாவற்றையும் எடுத்துக் குசினியில் அடுக்கினாள். மேசையை நடுவீட்டுக்கு இழுத்தாள்.

பத்திரிகை பரிசைத் திருப்பிக் கேட்கவில்லை. அம்பாறைக் கோப்பை வாசிக்க அதற்கு நேரம் இல்லை. பக்கீர் முகைதீன் தொடர்ந்து எழுதினார். எண்பதுகளிலும் எழுதினார், ஒரு தொகுப்புப் போடுகிற அளவுக்கு. தொகுப்புப் போட்டால் எவ்வளவு நட்டம் என்று கொப்பியில் பார்த்துவிட்டுப் போடாமல் விட்டார். கதைகளில் இப்போது ஏணி பிடிக்கிறவர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். கல்லடியிலிருந்து இடைக்கிடை ஒரு தபாலட்டை வரும்.

நீல மட்டைக் கொப்பி இன்னும் அந்த வீட்டில் இருக்கிறது. அதில் ஆகக் கூடச் சன்மானம் தந்த இடத்துக்கு நேரே எந்தப் பத்திரிகையின் பெயரும் இல்லை. 'நிவாரணக் கந்தோர், அம்பாறை' என்று இருக்கிறது. என்ன கேட்பார்கள்: ஒரு பக்கம், கைப்பட. என்ன தருவார்கள்: 22 தகரம். எத்தனை மாதத்தில்: மூன்று கிழமை. அதற்குக் கீழே, எழுத விரும்புகிறவர்களுக்கு என்பதுபோல, பக்கீர் முகைதீனின் நேரான கையெழுத்தில் ஒரு குறிப்பு: 'பொய் எடுபடாது. அலங்காரம் வேண்டாம். மனைவியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.'

அதற்கும் கீழே, வேறு மையில், கோணலான எழுத்தில்: 'பஸ் காசு நான் குடுத்த.'